துபாய்க்குக் குடும்பத்தோடு போகலாமா? குமரி மாவட்டத்தார் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மார்த்தாண்டம், தக்கலை, கருங்கல், குளச்சல் பக்கத்துப் பெண்கள் எனக்கு அனுப்பும் வாய்ஸ் மெசேஜ்களில் முக்கால்வாசி ஒரே சந்தேகங்கள்தான். மாப்பிள்ளை துபாயில் இருப்பார், இவர்கள் பெட்டி கட்டலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருப்பார்கள். துபாயின் அல் குசைஸ் பகுதியில் பிள்ளைகளை வளர்க்கும் எனக்குத் தெரிந்த பதில்களை, அவர்கள் கேட்ட சொற்களோடே இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். விசா விதிகள் அடிக்கடி மாறும் ஊர் இது. விண்ணப்பிக்கும் நாளில் அமர் சென்டரில் (துபாயில் விசா வேலைகளைச் செய்து தரும் சேவை மையம்) ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள்.

அக்கா, எனக்க மாப்பிள்ளைக்கு 4,500 திர்ஹம் சம்பளம். எங்களுக்கு விசா எடுக்க முடியுமா?

முடியும். மனைவி பிள்ளைகளை ஸ்பான்சர் செய்ய மாதச் சம்பளம் குறைந்தது 4,000 திர்ஹம் வேண்டும். கம்பெனியே வீடு தந்தால் 3,000 போதும். இன்ன வேலையில் இருப்பவர்தான் குடும்பத்தைக் கூட்டி வரலாம் என்ற பழைய கட்டுப்பாடு 2019-ல் போய்விட்டது. மகனை 25 வயதுவரை ஸ்பான்சர் செய்யலாம். கல்யாணம் ஆகாத மகளுக்கு வயது வரம்பு கிடையாது.

விசாவோடு வேறு செலவுகளும் வரும். 18 வயது தாண்டியவர்களுக்கு மெடிக்கல், எல்லாருக்கும் எமிரேட்ஸ் ஐடி, எல்லாருக்கும் மருத்துவ இன்சூரன்ஸ். துபாயில் இன்சூரன்ஸ் கட்டாயம். வேலை செய்பவருக்குக் கம்பெனி கட்டும். குடும்பத்துக்கு அவரேதான் கட்ட வேண்டும், சில நல்ல கம்பெனிகள் விதிவிலக்கு.

விசா கிடைச்சா போதும்ல, மிச்சத்த சமாளிச்சுக்கலாம்ல?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் எடுத்துக்கொள்வேன். 4,000 என்பது விசா தருவதற்கான வரம்பு. குடும்பம் நடத்த அது பற்றாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆண்டு வாடகை 60,000 திர்ஹம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாவி கையில் வருமுன்னே 5 சதவீதம் டெபாசிட் 3,000, ஏஜென்டுக்கு வழக்கமாக 5 சதவீதம் 3,000, தண்ணீர் கரண்டு இணைப்புக்குத் ‘தேவா’ (துபாய் மின்சார, தண்ணீர் ஆணையம்) டெபாசிட் 2,000, அதோடு இஜாரி என்ற வாடகை ஒப்பந்தப் பதிவுக் கட்டணம். வாடகையை மாதாமாதம் வாங்க மாட்டார்கள். வருடத்துக்கு இரண்டு செக், நான்கு செக் என்று முன்தேதியிட்டு மொத்தமாகக் கொடுக்க வேண்டும். அதற்கும் மேல், ஆண்டு வாடகையில் 5 சதவீதத்தை வீட்டுக் கட்டணம் என்று பன்னிரண்டாகப் பிரித்துத் தேவா பில்லிலேயே சேர்ப்பார்கள். 60,000-க்கு மாதம் 250 திர்ஹம். முதல் பில்லைப் பார்த்து, ஏசி இவ்வளவா கரண்டு குடிக்கும் என்று திகைக்காதவர்கள் குறைவு.

இன்னொன்றையும் ஊரில் பலர் கவனிப்பதில்லை. திர்ஹமின் மதிப்பு 1997 முதல் ஒரு டாலருக்கு 3.6725 என்று கட்டி வைக்கப்பட்டிருக்கிறது. ரூபாய் விழ விழ, தனியாக இருந்து பணம் அனுப்புகிறவருக்குக் கையில் கூடக் கிடைக்கும். குடும்பமே அங்கே இருந்து திர்ஹத்தில் சம்பாதித்துத் திர்ஹத்திலேயே செலவழித்தால் அந்த லாபம் இல்லை. வருமான வரி கிடையாது என்பது உண்மைதான். ஆனால் 2018 முதல் பொருள்களுக்கு 5 சதவீத வாட் உண்டு. பள்ளிக்குப் போகும் ஒரு பிள்ளை, தனி வீடு, ஊருக்கும் கொஞ்சம் பணம் என்றால் பத்தாயிரத்துக்குக் கீழே மூச்சு முட்டும் என்பது என் அபிப்பிராயம்.

எங்களுக்கு சர்ச்சில வச்சு கல்யாணம். சர்ச் சர்ட்டிபிகேட் போதுமா?

அதை மட்டும் வைத்துக்கொண்டு கிளம்பாதீர்கள். தமிழ்நாட்டில் 2009-ம் ஆண்டுச் சட்டப்படி எந்த மதத்துத் திருமணமானாலும் பதிவு செய்ய வேண்டும். சார் பதிவாளர் அலுவலகத்தில் பதிந்து வாங்கிய சான்றிதழ்தான் அட்டஸ்டேஷனுக்கு (அரசு அலுவலகங்களின் சான்றொப்பம்) சிக்கலில்லாமல் நகரும். அது முதலில் சென்னையில் மாநில அரசின் முத்திரை, பிறகு வெளியுறவு அமைச்சகம், பிறகு அமீரகத் தூதரகம், கடைசியாக துபாய் வந்தபின் அங்குள்ள வெளியுறவு அமைச்சகம் என்று போகும். பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழுக்கும் இதே வழிதான்.

அப்போஸ்டில் (ஓர் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளுக்குள் செல்லும் ஒற்றை முத்திரை) போதும் என்று சொல்லி யாராவது குறைந்த பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். ஓமானுக்கும் சவூதிக்கும் அது செல்லும். அமீரகம் அந்த உடன்படிக்கையில் இல்லை.

பாஸ்போர்ட்ல எனக்கு ஒத்தப் பேருதான் இருக்கு. பிரச்சினை வருமா?

வரும். நமக்கு இனிஷியல்தான் வழக்கம், குடும்பப் பெயர் இல்லை. அதனால் சர்நேம் கட்டம் காலியாகவே பலருக்கு இருக்கும். 2022 நவம்பரில் அமீரகம் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுக்கு விசிட் விசா கிடையாது என்று அறிவித்தது. கடைசிப் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் பரவாயில்லை என்று பிறகு தளர்த்தினார்கள். ஆனாலும் ஏர்போர்ட் கவுன்டரில் நின்று விளக்கம் சொல்வதைவிட, முன்பே இனிஷியலை விரித்து எழுதி பாஸ்போர்ட்டைத் திருத்திக்கொள்வது நிம்மதி. திருமணச் சான்றிதழ், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட் மூன்றிலும் பெயர் ஓர் எழுத்துக்கூட மாறாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். திருத்த வேண்டுமானால் அட்டஸ்டேஷனுக்கு முன்னால் திருத்துங்கள்.

வாடக கூடுதல்னா ஷார்ஜால எடுக்கலாமா? இல்லன்னா ஒரு பிளாட்டுல ரெண்டு குடும்பமா இருக்கலாமா?

ஷார்ஜாவில் வாடகை குறைவு. அந்த மிச்சத்தைச் சாலையில் கொடுக்க வேண்டியிருக்கும். காலையில் அல் இத்திஹாத் சாலையில் துபாய்ப் பக்கம் வரும் வண்டிகளின் நெரிசலைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம். சாலிக் டோல் 2025 தொடக்கத்திலிருந்து நெரிசல் நேரத்தில் ஒரு கேட்டுக்கு 6 திர்ஹம், பகலின் மற்ற நேரத்தில் 4. அப்பா விடிவதற்கு முன் கிளம்பி, பிள்ளை தூங்கியபின் வீடு வருவார். குடும்பத்தைக் கூட்டி வந்ததற்கு என்ன பொருள்? மெட்ரோ பக்கம் சின்ன வீடு கிடைத்தால் அதையே எடுங்கள். டிக்கெட்டுக்குப் பதிலாகத் தேய்க்கும் நோல் கார்டு இருந்தால் போதும், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு டிக்கெட் வேண்டாம், பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் தனிப் பெட்டி உண்டு.

இரண்டு குடும்பம் சேர்ந்து இருப்பது பற்றி: பலகை அடித்துப் பிரித்த பார்ட்டிஷன் ரூமில் பிள்ளைகளோடு போய் இருக்காதீர்கள். அது அனுமதியில்லாத அமைப்பு. 2025-ல் நகராட்சி பல பகுதிகளில் சோதனை நடத்தி இவற்றை எடுக்க வைத்தது. தீ விபத்து ஆபத்து தனி. பலகை அடிக்காமல், வீட்டுக்காரர் சம்மதத்தோடு ஒரு முழு அறை எடுத்தாலும், யார் யார் இருக்கிறார்கள் என்று வாடகைப் பதிவில் சேர்க்க வேண்டும். குடும்ப விசாவுக்கு வாடகை ஒப்பந்தம் கேட்பார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பாலைவனத்துல பிள்ளைய எப்படிக்கா வளக்குறது? சூடு தாங்குமா?

பிள்ளைகள் தாங்கிவிடும். ஏசி வீடு, ஏசி பஸ், ஏசி வகுப்பு. பிரச்சினை வேறு மாதிரி வரும். மே முதல் செப்டம்பர் வரை பிள்ளை நான்கு சுவருக்குள் கிடக்கும். வருடம் முழுக்க வெயில் காயும் ஊரில் பிள்ளைகளுக்கு வைட்டமின் டி குறைவு என்று டாக்டர் சொல்வார், நம்ப மாட்டீர்கள். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12:30 முதல் 3 மணிவரை திறந்த வெளியில் வேலை வாங்கக்கூடாது என்று சட்டமே இருக்கிறது. பிள்ளையை அந்த நேரத்தில் பார்க்குக்குக் கூட்டிப்போகக்கூடாது என்பது அதிலேயே தெரிந்துவிடும். நவம்பர் முதல் மார்ச் வரை மாலையில் வெளியே விடுங்கள், வீட்டுக்கு அழைத்தாலும் வர மாட்டார்கள்.

முதல் கோடையில் உங்களைத் திகைக்க வைப்பது குழாய்த் தண்ணீர். தொட்டி மொட்டை மாடியில். ஆகஸ்டில் பச்சைத் தண்ணீர்க் குழாயைத் திறந்தால் கை பொறுக்காத சூட்டில் வரும், பிள்ளையைக் குளிப்பாட்ட முடியாது. அதற்கு இங்கே எல்லாரும் செய்வது இது: குளியலறை ஹீட்டரை மே மாதமே அணைத்துவிடுங்கள். ஹீட்டர் தொட்டிக்குள் நிற்கும் தண்ணீர் ஏசி வீட்டுக்குள் இருப்பதால் ஆறிக் கிடக்கும். குளிக்கச் சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்தால் ஆறிய தண்ணீர் வரும். தொட்டி சின்னது, ஆளுக்கு ஆள் கொஞ்ச நேரம் விட்டுக் குளிக்க வேண்டும். கடல்நீரைச் சுத்திகரித்து வரும் தண்ணீர் என்பதால் முடி கொட்டுகிறது என்று எல்லாப் பெண்களும் சொல்வார்கள். நானும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

மழை என்றால் நம் பிள்ளைகளுக்கு ஜூனிலும் அக்டோபரிலும் இரண்டு தடவை கொட்டுவது. இங்கே துபாய் விமான நிலையத்தில் ஒரு வருடச் சராசரியே சுமார் 95 மில்லிமீட்டர். 2024 ஏப்ரல் 16-ல் ஒரே நாளில் 142 மில்லிமீட்டர் பெய்தபோது சாலையெல்லாம் குளமாகிவிட்டது. அந்த வாரம் பள்ளிகள் ஆன்லைனில் நடந்தன.

டூரிஸ்ட் ஊருல்லா, பிள்ளைகளுக்கு தினமும் ஜாலிதானே?

கன்னியாகுமரி ரத வீதியில் வீடு இருக்கிறவர்கள் எத்தனை தடவை படகேறி விவேகானந்தர் பாறைக்குப் போயிருக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். இங்கேயும் அதே கதைதான். 2024-ல் துபாய்க்கு 1 கோடியே 87 லட்சம் வெளிநாட்டுப் பயணிகள் வந்தார்கள். அப்போது ஊரில் குடியிருந்தவர்களோ 38 லட்சம் பக்கம்தான். கடைகளும் கட்டணங்களும் வருகிறவர்களின் பாக்கெட்டைப் பார்த்து வைக்கப்படுபவை. 828 மீட்டர் புர்ஜ் கலீபாவைக் கீழே நின்று பார்க்கக் காசில்லை. மேலே ஏற ஒரு குடும்பத்துக்கு ஆகும் பணத்தில் இரண்டு வாரத்து மீனும் காய்கறியும் வாங்கலாம்.

நாங்கள் போகும் இடங்கள் வேறு. க்ரீக் பார்க், ஸபீல் பார்க் நுழைவு 5 திர்ஹம். பர் துபாயிலிருந்து தேராவுக்கு அப்ரா படகு 1 திர்ஹம். பிள்ளைகள் இரண்டு தடவை அக்கரை போய் இக்கரை வந்தாலும் செலவு பெரிதில்லை. அல் மம்ஸர் கடற்கரையும் நம் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். குளோபல் வில்லேஜ் அக்டோபர் முதல் மே வரைதான் திறந்திருக்கும். ஊரிலிருந்து விருந்தாளி வந்தால் பாலைவன சஃபாரி கேட்பார்கள். மணல்மேட்டில் வண்டி குதித்து ஓடும், கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் ஏற்றாதீர்கள்.

இவரு ஹோட்டல்ல வேல. லீவு நாள்ல கூட இருப்பாரா?

அநேகமாக இருக்க மாட்டார். அமீரகத்தில் 2022 ஜனவரி முதல் சனி, ஞாயிறு விடுமுறை, வெள்ளி பள்ளிக்கு அரை நாள். ஹோட்டல்காரருக்கு வியாபாரம் நடப்பதே அந்த நாட்களில். அவருக்குச் செவ்வாயோ புதனோ ஆஃப் வரும், அன்று பிள்ளை பள்ளியில். கிறிஸ்துமஸும் புத்தாண்டும் உச்ச சீசன், லீவு கேட்கவே முடியாது. நம் மாவட்டத்தில் டிசம்பரில் தெருவெல்லாம் ஸ்டார் கட்டியிருக்கும்போது அவர் பஃபேக்குத் தட்டு அடுக்கிக்கொண்டிருப்பார். இதைப் பிள்ளைக்கு முன்பே சொல்லி வையுங்கள்.

இதில் ஒரு நன்மையும் உண்டு. கோடையில் ஹோட்டல்கள் மந்தம், ஆண்டு லீவை அப்போதுதான் தருவார்கள். பள்ளிக் கோடை விடுமுறையும் ஜூலை, ஆகஸ்டில். ஆக எல்லாரும் சேர்ந்து ஊருக்குப் போகலாம், அங்கே சாரலும் திற்பரப்பு அருவியில் தண்ணீரும் இருக்கும். திருவனந்தபுரத்துக்கு நாலு மணிநேர விமானம்தான். ஆனால் எல்லாரும் அதே வாரம் கிளம்புவதால் டிக்கெட் விலை எகிறும். ஹோட்டல் தரும் ஸ்டாஃப் அக்காமடேஷனில் குடும்பம் இருக்க முடியாது என்பதையும் முன்பே அறிந்து, வீட்டுப்படி தனியாகத் தருவார்களா என்று கேளுங்கள்.

எந்த ஸ்கூல்ல சேக்கணும்? பீஸ் எவ்வளவு ஆவும்?

தனியார் பள்ளிகளைக் கேஎச்டிஏ என்ற அமைப்பு மேற்பார்க்கிறது. ‘அவுட்ஸ்டாண்டிங்’ முதல் ‘வீக்’ வரை தரம் போட்டு அவர்கள் வெளியிட்ட அறிக்கைகள் இணையத்தில் இருக்கின்றன. பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று சேர்ப்பதைவிட அந்த அறிக்கையை ஒரு மணிநேரம் வாசியுங்கள். சிபிஎஸ்இ பள்ளிகளிலேயே ஆண்டுக்கு ஐந்தாறாயிரம் திர்ஹத்தில் தொடங்குபவையும் உண்டு, முப்பதாயிரம் தாண்டுபவையும் உண்டு. பஸ் கட்டணம் தனி, அது சின்னத் தொகை இல்லை. வகுப்பு ஏற ஏறக் கட்டணமும் ஏறும், எல்கேஜி கட்டணத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள்.

நம் ஊர்ப் பள்ளி ஜூனில் திறக்கும். இங்குள்ள இந்தியப் பள்ளிகள் ஏப்ரலில் தொடங்கிவிடும். ஜூனில் டிசி வாங்கிக்கொண்டு வந்து நின்றால் பாடத்தில் பாதி டேர்ம் போயிருக்கும், இடமும் இருக்காது. முந்தின வருடமே பதிந்து வைத்து, மார்ச்சில் டிசி வாங்குங்கள். ஊர்ப் பள்ளி டிசியில் கல்வி அதிகாரியின் மேலொப்பம் பல பள்ளிகள் கேட்கும். அரபி ஒன்பதாம் வகுப்புவரை எல்லாப் பிள்ளைகளுக்கும் கட்டாயம், முஸ்லிம் பிள்ளைகளுக்கு இஸ்லாமியக் கல்வியும் சேரும். ஒன்றிரண்டில் சேரும் பிள்ளை அரபியைப் பாட்டுப் பாடிக் கற்றுக்கொள்ளும். ஏழில் வரும் பிள்ளைக்குத்தான் கண்ணீர்.

பிள்ள தமிழ மறந்துருமே?

நம் ஊரிலேயே பாதிப் பேருக்கு மலையாளம் தண்ணீர் பட்ட பாடு. துபாயில் மலையாளிகள் நிறைய, நாமும் சட்டென அவர்களோடு சேர்ந்துவிடுவோம். சமையல் ஒன்று, பேச்சு பாதி ஒன்று. கட்டடத்தில் விளையாடும் பிள்ளைகள் இந்தியும் இங்கிலீஷும். ஆக வீட்டில் நீங்கள் தமிழ் பேசாவிட்டால் அதைப் பேச வேறு ஆளே இல்லை. பேசுவது எப்படியும் வந்துவிடும், எழுத்துதான் போகும்.

தமிழை இரண்டாம் மொழியாக வைத்திருக்கும் பள்ளிகள் குறைவு, சேர்க்குமுன் கேளுங்கள். தமிழ்நாடு அரசின் தமிழ் இணையக் கல்விக்கழகம் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கென்றே அடிப்படை, இடைநிலை, மேல்நிலை என்று சான்றிதழ்ப் படிப்பு நடத்துகிறது. இதை ஆசைக்காகச் சொல்லவில்லை. 2006-ம் ஆண்டு தமிழ் கற்கும் சட்டப்படி தமிழ்நாட்டுப் பள்ளிகளில் பத்தாம் வகுப்புவரை தமிழ் உண்டு. எட்டிலோ ஒன்பதிலோ ஊர் திரும்பும் பிள்ளை ‘ள’வும் ‘ழ’வும் தெரியாமல் வகுப்பில் உட்கார்ந்தால் என்ன பாடு என்று யோசியுங்கள்.

பகலெல்லாம் நான் ஒத்தைக்கு என்ன செய்ய? வேலைக்குப் போலாமா?

போகலாம். கணவர் ஸ்பான்சர் விசாவில் இருந்துகொண்டே, கம்பெனி ஒர்க் பெர்மிட் எடுத்தால் வேலை செய்யலாம். நம் மாவட்டத்தில் நர்சிங் படித்தவர்கள் அதிகம். அவர்கள் துபாய் சுகாதார ஆணையத்தின் தேர்வு எழுதி, டேட்டாஃப்ளோ சான்று சரிபார்ப்பு முடித்து லைசென்ஸ் வாங்க வேண்டும். அனுபவச் சான்றிதழ்களை ஊரிலேயே சேகரித்து வாருங்கள். கார் ஓட்டத் தெரியும் என்று நம்பி வராதீர்கள். இந்திய லைசென்ஸை இங்கே அப்படியே மாற்றித் தர மாட்டார்கள், டெஸ்ட் எழுதி ஓட்டிக் காட்டித்தான் வாங்க வேண்டும்.

சின்னக் குழந்தை இருந்தால் கூட்டிக் கழித்துப் பாருங்கள். நர்சரிக்குக் கொடுக்கும் பணம் சம்பளத்தில் பெரும்பங்கு போய்விடும் என்றால், இரண்டு வருடம் பொறுத்துப் போவதே மேல். தனிமை உண்மையானது. ஊரில் அடுப்படி வாசலில் யாராவது வந்து நிற்பார்கள். இங்கே எதிர் பிளாட்டில் யார் என்றே தெரியாது. பள்ளி பஸ் நிற்கும் இடத்தில் காலையில் நிற்கும் அம்மாமாரோடு பேசத் தொடங்குங்கள், எனக்கு எல்லாத் தோழிகளும் அங்கே கிடைத்தவர்கள்தான்.

அங்க சாளையும் மரச்சீனியும் கிட்டுமா? பெட்டில என்ன கொண்டுவரலாம்?

எல்லாம் கிடைக்கும். சாளை, அயிலை, நெத்திலி, நெய்மீன், மரச்சீனி, ஏத்தங்காய், சிவப்பரிசி. தேராவின் வாட்டர்ஃப்ரண்ட் மார்க்கெட்டில் மீனை வெட்டியே தருவார்கள். மட்டிப்பழத்துக்கு மட்டும் ஏங்கலாம்.

பெட்டியில் கசகசா வைக்காதீர்கள். நமக்குக் குருமாவுக்குப் போடும் சாமான். அமீரகத்தில் அது தடை செய்யப்பட்ட பொருள், மாட்டினால் வழக்கு. மசாலாப் பொடியை மாமியார் வீட்டில் அரைத்துக் கொடுத்தால் அதில் கசகசா இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். வெற்றிலை பாக்குப் பழக்கம் உள்ள பெரியவர்கள் அதையும் ஊரிலேயே விட்டுவர வேண்டும். டிரமடால், கோடீன் கலந்த மாத்திரைகளுக்கு முன்அனுமதி தேவை. மற்ற மருந்துகளையும் டாக்டர் சீட்டோடு, அட்டை பிரிக்காமல் கொண்டு வாருங்கள்.

பிள்ளைய ரெண்டு அடி அடிச்சா போலீஸ் வருமாமே?

வதீமா சட்டம் என்று அறியப்படும் 2016-ம் ஆண்டுக் குழந்தைகள் உரிமைச் சட்டம் இருக்கிறது. கொடுமை, புறக்கணிப்பு இரண்டும் குற்றம். பள்ளி சந்தேகப்பட்டால் புகார் கொடுக்கும். பிள்ளையைக் காரில் விட்டுவிட்டுக் கடைக்குள் போய்வருவது இங்கே உயிருக்கே ஆபத்து, சட்டப்படியும் மாட்டுவீர்கள். பத்து வயதுக்குட்பட்ட பிள்ளையை முன்சீட்டில் உட்கார வைக்கக்கூடாது, நான்கு வயதுவரை குழந்தை இருக்கை வேண்டும். மடியில் வைத்துக்கொண்டு போகும் ஊர்ப் பழக்கத்துக்கு 400 திர்ஹம் அபராதம்.

இன்னொன்று, யாரையும் கேட்காமல் படமெடுத்துப் போடாதீர்கள். பார்க்கில் உங்கள் பிள்ளையோடு விளையாடும் வேறு பிள்ளையும் படத்தில் வந்தால், அவர்கள் புகார் கொடுக்க இடமுண்டு.

கோயில், சர்ச்செல்லாம் இருக்கா? ஊர்க்கோயில் கொடைக்கு வரி பிரிக்கலாமா?

இருக்கின்றன. ஊத் மேத்தாவில் புனித மேரி ஆலயம், அங்கே தமிழில் திருப்பலி உண்டு. ஜெபல் அலியிலும் தேவாலயங்கள் இருக்கின்றன. 2022 அக்டோபரில் ஜெபல் அலியில் பெரிய இந்துக் கோயில் திறந்தார்கள், 2024 பிப்ரவரியில் அபுதாபியில் பாப்ஸ் சுவாமிநாராயண் அமைப்பின் கோயில். தொழுகைக்குப் பள்ளிவாசல் தெருவுக்குத் தெரு உண்டு.

கொடைத் திருவிழாவுக்கு வீட்டுக்கு வீடு பிரிக்கும் வரி விஷயத்தில் கவனம். அனுமதி பெற்ற அமைப்புகள் தவிர வேறு யாரும் நன்கொடை திரட்டுவது இங்கே குற்றம். 2021-ல் வந்த சட்டம் இதைத் தெளிவாகவே சொல்கிறது. கொடைக்கானாலும், ஊரில் யாருக்காவது ஆபரேஷனுக்கானாலும், வாட்ஸ்அப் குழுவில் ‘ஆளுக்கு 50 திர்ஹம் போடுங்க’ என்று எழுதாதீர்கள். உங்கள் வரியை நீங்கள் நேராக ஊர்க் கணக்குக்கு அனுப்புவது உங்கள் சொந்த விஷயம்.

மொதப் பிரசவம் அம்மா வீட்டுல வேணும். அங்க பெத்தா பிள்ளைக்கு அந்த நாட்டு குடியுரிமை கிட்டுமா?

கிடைக்காது. இங்கே பிறப்பதால் மட்டும் யாருக்கும் குடியுரிமை வராது. ஒரு வருடத்துக்குள் இந்தியத் தூதரகத்தில் பிறப்பைப் பதிந்து, பிள்ளைக்கு இந்திய பாஸ்போர்ட் எடுங்கள். பிறந்து 120 நாளுக்குள் விசா எடுக்காவிட்டால் நாள் கணக்கில் அபராதம் ஏறும்.

அம்மா வீட்டுக்குப் போவதானால் இரண்டு தேதிகளைப் பாருங்கள். 28 வாரம் கடந்தால் பல விமான நிறுவனங்கள் டாக்டர் சான்று கேட்கும், அதற்கு மேல் மாதமானால் ஏற்றவே மாட்டார்கள். நாட்டுக்கு வெளியே ஆறு மாதம் தொடர்ந்து இருந்தால் உங்கள் ரெசிடென்ஸ் விசா செல்லாமல் போகலாம். ஆக ஏழாம் மாதம் போய், குழந்தைக்கு மூன்று மாதம் ஆகுமுன் திரும்புகிற கணக்கில் போக வேண்டும். அதற்குள் குழந்தைக்குப் பாஸ்போர்ட்டும், மேலே சொன்ன அட்டஸ்டேஷனும் முடிய வேண்டும். ஓட்டமாகத்தான் இருக்கும். வேலைக்குப் போகும் பெண்களுக்குத் தனியார் துறையில் மகப்பேறு விடுப்பு 60 நாள்: 45 நாள் முழுச் சம்பளம், 15 நாள் பாதி.

வாட்ஸ்அப்ல வீடியோ கால் வராதாமே, அம்மைய எப்படிப் பாக்குறது?

வராது, தடை உண்டு. போட்டிம் மாதிரி அனுமதியுள்ள ஆப்பை அம்மா போனில் நீங்கள் கிளம்புமுன்னே ஏற்றி, அழைத்துப் பழக்கிவிட்டு வாருங்கள். நமக்கும் அவர்களுக்கும் ஒன்றரை மணிநேர வித்தியாசம், இங்கே பிள்ளை பள்ளியிலிருந்து வரும்போது அங்கே சாயங்கால விளக்கு வைக்கும் நேரமாகிவிடும். நேரில் பார்க்க விசிட் விசாவில் அவர்களை வரவழைக்கலாம், 30 நாள், 60 நாள் என்று உண்டு.

திடீர்னு வேல போனா என்ன செய்ய?

கணவர் விசா ரத்தாகுமுன் குடும்ப விசாக்களை ரத்து செய்ய வேண்டும், எல்லாம் அவரோடு கட்டியது. பிறகு நாட்டில் இருக்க விசா வகையைப் பொறுத்து அவகாசம் தருவார்கள். 2023 முதல் வேலையிழப்புக் காப்பீடு கட்டாயம். அடிப்படைச் சம்பளம் 16,000-க்குள் இருந்தால் மாதம் 5 திர்ஹம் பிரீமியம், வேலை போனால் அடிப்படைச் சம்பளத்தில் 60 சதவீதம் மூன்று மாதம்வரை கிடைக்கும். அதை ஐந்து திர்ஹம்தானே என்று கட்டாமல் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். கிராஜுவிட்டி (வேலையை விடும்போது தரும் பணிக்கொடை) முதல் ஐந்து வருடத்துக்கு ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம், அதன்பின் 30 நாள். ‘அடிப்படை’ என்ற சொல்லைக் கவனியுங்கள். மொத்தச் சம்பளம் பெரிதாக இருந்து அடிப்படை சிறிதாக இருந்தால் இரண்டிலும் அடி.

முன்பே கொடுத்த வாடகைச் செக் வங்கியில் காத்துக்கொண்டிருக்கும். அதனால்தான் அடுத்த செக்குக்கான பணத்தைத் தனிக் கணக்கில் போட்டு வையுங்கள் என்று எல்லாருக்கும் சொல்கிறேன். அதைத் தங்கம் வாங்க எடுக்காதீர்கள்.

பிள்ளைய எந்த வகுப்புல ஊருக்குக் கொண்டுபோறது நல்லது? நீட் எழுதணும்னா?

துபாயிலேயே நீட் எழுதலாம், 2021 முதல் அங்கே மையம் உண்டு. சிக்கல் இட ஒதுக்கீட்டில். ஆறு முதல் பன்னிரண்டுவரை தமிழ்நாட்டில் படித்த பிள்ளைக்கு மாநில ஒதுக்கீட்டில் வழி நேரானது. வெளியே படித்த பிள்ளை நேட்டிவிட்டி சான்றிதழும் பெற்றோரின் ஆவணங்களும் காட்டி நிரூபிக்க வேண்டும். இன்ஜினியரிங் என்றால் இதற்கு நேர்மாறான ஒரு வாய்ப்பு: வளைகுடாவில் வேலை செய்யும் இந்தியரின் பிள்ளைகளுக்கு என்.ஐ.டி.களில் சிஐடபிள்யூஜி ஒதுக்கீடு உண்டு. ஜேஇஇ மெயின் மதிப்பெண் தேவை, 11, 12 வெளிநாட்டில் படித்திருக்க வேண்டும், கட்டணம் உள்ளூர் மாணவர் போலத்தான்.

ஆக டாக்டர் கனவு என்றால் ஐந்தாம் வகுப்பு முடிந்ததும், என்.ஐ.டி. என்றால் பன்னிரண்டு முடித்தும் திரும்புவது வசதி. ஒன்பதிலும் பதினொன்றின் நடுவிலும் பிடுங்கி நடாதீர்கள்.

அவரு மட்டும் அங்க இருக்கறதுதான் லாபம்னு மாமியார் சொல்லுறாங்க. சரிதானா?

பணக் கணக்கில் மாமியார் சொல்வது சரி. இரண்டாம் பதிலில் போட்ட கணக்கைப் பாருங்கள், தனியாக இருப்பவர் அத்தனையும் மிச்சம் பிடிப்பார். ஆனால் அப்பாவை வருடத்துக்கு ஒரு மாதம் மட்டும் பார்த்து வளரும் பிள்ளைகளை நம் ஊரில் வீட்டுக்கு வீடு காணலாம். என் கட்சி இது: பிள்ளை மூன்று வயது முதல் பத்து வயதுவரையான காலத்தைச் சேர்ந்து இருங்கள். கட்டணம் குறைவு, பொதுத்தேர்வு இல்லை, ஊர்ப் பள்ளிக்குத் திரும்புவதும் எளிது. ஊரில் வீடு கட்டுவது இரண்டு வருடம் தள்ளிப் போகட்டும்.

இன்னும் மனம் ஒப்பவில்லையென்றால் விசிட் விசாவில் ஒரு மாதம் வந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள். ஜனவரியில் வராதீர்கள், அப்போது எல்லாருக்கும் துபாய் பிடிக்கும். ஆகஸ்டில் வாருங்கள்.